தசைச்சிதைவு நோயும் தட்டில் விழும் சோறும்

காரைக்கால் என்றதும் நினைவுக்கு வருவது மாங்கனித் திருவிழா. பசியோடு வந்த சிவனடியாருக்குத் தயிர்சோறும் மாங்கனியும் படைத்த புனிதவதியின் ஊர். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பது தவறாகுமா? தசைச்சிதைவு நோய் உள்ள பிள்ளை என்றால் சில சமயம் தவறுதான்!

குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது டுஷேன் வகை. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும். தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தை உடலால் உருவாக்க முடியாததுதான் காரணம். இது மரபணுக் கோளாறு; சாப்பாட்டில் புரதம் குறைந்ததால் வந்தது அல்ல. டப்பா டப்பாவாகப் புரதப்பொடி கொடுத்தாலும் நோய் தீராது. கடன் வாங்கி டானிக் வாங்கும் பெற்றோருக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

அதற்காக உணவால் பயனே இல்லை என்று அர்த்தமில்லை. நடை குறையும்போது உடலுக்குத் தேவையான சக்தியும் குறைகிறது. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மாத்திரையோ பசியைத் தூண்டும், எலும்பையும் பலவீனமாக்கும். எடை கூடினால் பிள்ளையின் கால்களுக்கும் பாரம், தூக்கிவிடும் அம்மாவின் இடுப்புக்கும் பாரம். இந்தக் கட்டத்தில் சோற்றையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்து காய்கறி, பருப்பு, முட்டை, மீன் கொடுக்கலாம். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் வேண்டும்.

வருடங்கள் போனால் நிலைமை தலைகீழ். தாடையும் தொண்டையும் தளர்ந்து, சாப்பிடவே நேரமாகும், புரையேறும், எடை இறங்கும். அப்போது குழைந்த சோறு, கெட்டியான கூழ் எனக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை தர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் வயிற்றில் குழாய் பொருத்தி உணவு கொடுப்பார்கள். அதைத் தோல்வியாக நினைக்கக் கூடாது.

இன்னொன்று தண்ணீர். பள்ளிக் கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி போகாவிட்டால் பையன் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்வான். மலச்சிக்கல் வருவதற்கு அதுவே போதும்!

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளில் தசைச்சிதைவையும் சேர்த்தது. அதே ஆண்டில் காரைக்காலில் ஜிப்மர் கிளை மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. சட்டமும் கல்லூரியும் இருந்தால் மட்டும் போதுமா? மாத்திரை எழுதும் அதே நாளில் எடை பார்த்து, விழுங்கும் திறனைச் சோதித்து, வீட்டுச் சமையலை வைத்தே ஆலோசனை சொல்லும் உணவியல் நிபுணரும் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். அதுவும் சிகிச்சைதான்.