கார் ஏ.சி.யில் நாற்றமா? சென்ட் அடித்து மூடாதீர்கள்!

ராமேசுவரத்துக்குப் புண்ணியம் தேடி வருகிறார்கள். வாடகைக் கார் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்!

"என்னப்பா இது, ஏ.சி. போட்டதும் இப்படி நாறுது?" என்று பயணி கேட்பார். "ஊரெல்லாம் கருவாடு காயுது சார், நான் என்ன பண்றது?" என்று டிரைவர் சொல்வார். சொல்லிக்கொண்டே டாஷ்போர்டில் இருக்கும் சென்ட் பாட்டிலைத் திறந்து விடுவார். மல்லிகை வாடையும் பூஞ்சை வாடையும் கலந்து, பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் பின் சீட்டில் இருக்கும் குழந்தை வாந்தி எடுத்துவிடும்.

பாவம், கருவாடு என்ன செய்யும்? மண்டபம், பாம்பன் பக்கம் கருவாட்டு வாடை அடிப்பது உண்மைதான். ஆனால் அது அந்த இடத்தைத் தாண்டினால் போய்விடும். பரமக்குடி தாண்டியும் கூடவே வருகிற நாற்றம் ஊர் நாற்றம் இல்லை. அது காருக்குள்ளேயே குடியிருக்கிறது!

எங்கே இருக்கிறது?

டாஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயில் என்று ஒன்று இருக்கிறது. ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த சோடா பாட்டில் மேலெல்லாம் தண்ணீர் கோர்க்கிறது அல்லவா? அதேபோல, காற்றில் உள்ள ஈரம் இந்தக் காயிலில் பட்டுத் தண்ணீராகும். அந்தத் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டிப் போக வேண்டும்.

குழாயில் மண்ணும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். காயில் மேல் அழுக்கு படியும். இருட்டு, ஈரம், அழுக்கு மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கும் கிருமிக்கும் கொண்டாட்டம்தான். ஏ.சி.யைப் போட்டதும் முதல் இரண்டு நிமிடம் ஈரத் துணி மக்கிய வாடை அடிக்கிறதா? அது இந்தப் பூஞ்சையின் வேலை.

எல்லா ஊரிலும் இது உண்டு. நம்ம கடற்கரையில் கொஞ்சம் கூடுதல்.

முதல் காரணம், காற்றிலேயே ஈரம். இரண்டாவது, வருகிறவர்கள் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, கோவிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் குளித்துவிட்டு, பலர் சொட்டச் சொட்டக் காரில் ஏறி லாட்ஜுக்குப் போகிறார்கள். சீட்டும் மிதியடியும் நனைகின்றன. அடுத்த சவாரி காத்திருக்கிறது. காய வைக்க நேரம் ஏது? மூன்றாவது, அரிச்சல்முனை ரோட்டில் பறக்கும் மணல்.

நான்காவது, உப்புக் காற்று. அதன் பலத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அரித்துப்போய், 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-ந்தேதிதான் புதுப் பாலம் திறந்தார்கள். இரும்புப் பாலத்துக்கே இந்தக் கதி என்றால், மெல்லிய அலுமினியத் தகடு கொண்ட காயில் எம்மாத்திரம்? உப்பும் அழுக்கும் ஈரமாக அதன் மேலேயே கிடந்தால், இன்று நாற்றம் வரும். நாளை காயிலில் ஓட்டை விழுந்து கேஸ் போய்விடும்.

சொட்டுகிறதா பாருங்கள்

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். திறந்த வெளியில் காரை நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து, கால் மணி நேரம் ஏ.சி.யை ஓட விடுங்கள். அடியில் தண்ணீர் சொட்டினால் குழாய் சரி. இந்த ஊர் ஈரக் காற்றில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்றால் அடைப்பு என்றே சந்தேகப்படலாம். முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் மிதியடி நனைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடைப்பை எடுப்பது மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. அடுத்து ஏ.சி. பில்டர். பல கார்களில் சாமான் வைக்கும் சின்னப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அது கறுத்துப்போய், நனைந்து கிடந்தால் தூர எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்க வேண்டாம். மணலிலும் உப்பிலும் ஓடுகிற வண்டிக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டும். அப்படியும் வாடை போகவில்லை என்றால் காயிலை நுரை மருந்து விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

காசே செலவில்லாத வைத்தியமும் உண்டு. போய்ச் சேருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, பேனை மட்டும் ஓட விடுங்கள். காயில் காய்ந்துவிடும். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை நாள் முழுக்க அமுக்கி வைக்காதீர்கள். மீன் லாரி முன்னால் போனால் அமுக்குங்கள், தாண்டியதும் எடுத்துவிடுங்கள். மிதியடியை வெயிலில் போடுங்கள். வெயிலுக்கா நம்ம ஜில்லாவில் பஞ்சம்?

ஊதுபத்தி, அந்துருண்டை, சென்ட் இவை எதுவும் பூஞ்சையைக் கொல்லாது. மூக்கை மட்டும்தான் ஏமாற்றும். ஆஸ்துமா, இளைப்பு உள்ளவர்களுக்கு அந்தப் பூஞ்சையும் ஆகாது, சென்ட்டும் ஆகாது.

வாடைக்கு வாடை வித்தியாசம்

எல்லா நாற்றமும் பூஞ்சை நாற்றம் இல்லை. பிண வாடை அடித்தால் பேன் பக்கம் எலி செத்துக் கிடக்கலாம். எஞ்சின் சூடானதும் தித்திப்பாக ஒரு வாடை வந்து, கண்ணாடியில் பிசுபிசுவென்று படிந்தால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். வயர் கருகும் வாடையோ பெட்ரோல் வாடையோ வந்தால் உடனே ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

புகை வாடை வந்தால் இன்னும் மோசம். சைலன்சர் புகை காருக்குள் வருகிறது என்று பொருள். இதைப் போய் சென்ட் அடித்து மூடினால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

வாடையே இல்லாத எமன்

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூங்குகிறவனை எழுப்பாமலேயே கொண்டுபோய்விடும்.

2024 டிசம்பரில் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், ரோட்டோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். கத்திக்குத்து இல்லை, கொள்ளை இல்லை. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்து, தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது.

நம்ம ஊரில் ராத்திரி ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பயணிகள் லாட்ஜில் தூங்குவார்கள். அவர்களைக் கொண்டுவந்த டிரைவர் காருக்குள் கால் நீட்ட இடமில்லாமல் சுருண்டு கிடப்பார். கொசு, புழுக்கம். கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை ஓட விட்டு, ஏ.சி.யைப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. சைலன்சரில் ஓட்டை, வண்டித் தரையில் துருப்பிடித்த ஓட்டை இரண்டும் இருந்தால் போதும். உப்புக் காற்றில் ஓடுகிற பழைய வண்டிகளில் இது அதிசயமா?

டிரைவர் அண்ணன்களே! எஞ்சினை ஓட விட்டு உள்ளே தூங்காதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓட விடவே விடாதீர்கள். காருக்குள் இருக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.

முதலாளிகள் கவனிப்பார்களா?

டிரைவரிடம் மட்டும் சொல்லி என்ன பயன்? சென்ட் பாட்டில்கூடப் பல பேர் படிக்காசில்தான் வாங்குகிறார்கள். பில்டர் மாற்றவும் சைலன்சர் அடைக்கவும் பணம் தர வேண்டியவர் வண்டியின் சொந்தக்காரர். "ஏ.சி. கார்" என்று கூடுதல் வாடகை வாங்குகிறார் அல்லவா? அந்தக் காசில் கொஞ்சம் காயிலுக்கும் போகட்டும். பயணிகளும் டிரைவரிடம் சண்டை போடுவதை விட்டு, டிராவல்ஸ்காரரைக் கேட்க வேண்டும்.

ஓட்டல், லாட்ஜ்களில் விருந்தினரின் டிரைவர்களுக்குத் தங்கும் இடமும் கழிப்பிடமும் வேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு கட்டிட விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. இத்தனை கார் வந்து போகும் ராமேசுவரத்தில் அதை ஏட்டில் மட்டும் வைத்திருந்தால் போதாது. நகராட்சி அதிகாரிகள் லாட்ஜ் லாட்ஜாகப் போய், "டிரைவர் படுக்க இடம் எங்கே?" என்று கேட்க வேண்டும். பழைய லாட்ஜ்காரர்களும் ஒரு கூடமும் நாலு பாயும் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

நாற்றம் என்பது வண்டி கொடுக்கும் புகார் மனு. அதைச் சென்ட் ஊற்றி அமுக்காதீர்கள். மனுவைப் பிரித்துப் பாருங்கள்!