மலைக்கும் உண்டு பங்கு

ஏற்காட்டில் நின்றுகொண்டு துறைமுகத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். சேர்வராயன் மலையில் விளையும் அராபிகா காபி அயல்நாடு செல்லத் துறைமுகமே வாயில். அராபிகாவின் உலக விலைக்கு நியூயார்க் சந்தையே அளவுகோல். ஆகவே துறைமுகக் கட்டணம் உயர்ந்தால், அச்சுமை பெரும்பாலும் விளைவிப்பவர் தலையில்தான் விழும். தோட்டத் தொழிலாளர் கூலியையும் அது தொடும்.

சென்னை, தூத்துக்குடி போன்ற பெருந்துறைமுகங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை அந்தந்தத் துறைமுக வாரியத்திடமே தந்துள்ளது. வாரியத்தில் மாநில அரசு, இரயில்வே, சுங்கம், பாதுகாப்பு, ஊழியர் ஆகிய தரப்பினருக்கு இடமுண்டு. விளைவிப்பவருக்கென ஓர் இருக்கை இல்லை. சார்பற்ற உறுப்பினர்களுள் ஒருவரேனும் அவர்களிலிருந்து வரவேண்டும் என்பதே என் கருத்து. சுமையைத் தாங்குவோர்க்குச் சொல்லும் உரிமையும் வேண்டாமா?