களிம்பும் இளைப்பும்

குழந்தையின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கண்ட கரப்பானைக் களிம்பு பூசி அமுக்கிவிட்டால், அது உள்ளே இறங்கி, நாலைந்து வயதில் இளைப்பு நோயாகத் தலையெடுக்கும் என்ற அபிப்பிராயம் பாட்டிமாரிடம் மட்டும் வழங்குவதன்று. படித்தவர்களும் அதைப் பயபக்தியோடு நம்புகிறார்கள். ஹோமியோபதியை ஸ்தாபித்த ஹானிமன், வெளிமருந்தால் சொறியை அடக்குவதால் விளையும் வியாதிகளுள் சுவாசகாசத்தையும் சேர்த்து 1828-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்ததால், இந்நம்பிக்கைக்கு ஐரோப்பிய வம்சாவளியும் உண்டு.

இக்கட்சியார் முதலில் காட்டுவது பிரத்தியட்சம். கரப்பான் வந்தது, களிம்பு போட்டோம், கரப்பான் மறைந்தது, இளைப்பு வந்தது என்கிறார்கள். வரிசை மெய்யே. ஆனால் கரப்பான் பெரும்பாலும் முதலாண்டிலும், இளைப்பு சில ஆண்டுகள் கழித்தும் தோன்றுவது இந்த ஒவ்வாமை நோய்களின் இயல்பான கதி. களிம்பே அறியாத குழந்தைகளிடத்தும் அப்படித்தான். அன்றியும், கரப்பான் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு இளைப்பு வர இடம் அதிகம். கடுமையான கரப்பானுக்கே களிம்பும் அதிகம் செலவாகிறது. பனம்பழம் விழுந்ததற்குக் காக்கையைத் தண்டிக்கும் காகதாலீய நியாயம் இதுவே.

இரண்டாவது வாதம், தோலில் கசிவது கெட்ட நீர், அதை வெளியேற விடவேண்டும் என்பது. விஷயத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. உண்மை இதற்கு நேர் விரோதம். 2006-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆராய்ச்சியாளர்கள், தோலின் மேலடுக்கைக் கட்டுக்கோப்பாக வைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்குரிய ஜீன் பழுதுபட்டவர்களிடம் கரப்பானும், கரப்பானோடு கூடிய இளைப்பும் மிகுந்திருக்கக் கண்டார்கள். மூச்சுக்குழாய்ச் சவ்வில் அப்புரதமே காணப்படுவதில்லை. ஆகவே பழுது நேர்ந்தது தோலில், பலனை அனுபவிப்பது நெஞ்சு. இரவெல்லாம் தலையணையில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் குழந்தை புண்ணாக்கிக்கொண்ட இடத்தின் வழியே, வீட்டுத் தூசியும் உணவின் நுண்துகளும் உள்ளே புகுந்து, உடலை அவற்றுக்குப் பகையாக்கிவிடுகின்றன. இங்கிலாந்தின் ஏவன் பிரதேசத்தில் 13,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நிலக்கடலை எண்ணெய் கலந்த பூச்சை அழற்சி கண்ட தோலில் தடவுவதற்கும் நிலக்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு தெரியவந்தது. ஆக, அஞ்சவேண்டியது ஆறாமல் திறந்து கிடக்கும் தோலையே.

ஜப்பானியர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். கரப்பான் கண்ட 650 சிசுக்களில் ஒரு சாராருக்கு ஸ்டீராய்டு களிம்பைத் தாராளமாகப் பூசி, மறு சாராருக்கு வழக்கமான சிகிச்சை அளித்ததில், முட்டை ஒவ்வாமை முன்னவரில் 31.4 சதவீதமாகவும் பின்னவரில் 41.9 சதவீதமாகவும் இருந்ததென 2023-இல் அறிவித்தார்கள். அடக்கிய நோய் உள்ளே பாய்வதானால் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்கும்? இதனால் இளைப்பே தடுக்கப்படும் என்பது மட்டும் இன்னும் நிரூபணமாகவில்லை. தீவிரமாகப் பூசப்பெற்ற சிசுக்களின் எடையும் உயரமும் சற்றுக் குறைந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. களிம்பு அளவறிந்து பூசவேண்டிய ஔஷதம். வைத்தியரைக் கேளாமல் மருந்துக்கடையில் கைநீட்டி வாங்கும் கலப்புக் களிம்பைக் கண்டு அஞ்சுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

அடுத்தது, கரப்பான் பண்டம் என்று முட்டையையும் நிலக்கடலையையும் விலக்கும் வழக்கம். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமே 2000-இல், ஒவ்வாமைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையிலும் நிலக்கடலையை மூன்று வயது வரையிலும் நிறுத்திவைக்கச் சொல்லி, 2008-இல் அதைக் கைவிட்டது. லண்டனில் 640 சிசுக்களிடம் நடத்திய பரீட்சை 2015-இல் வெளிவந்தபோது, நிலக்கடலையைச் சிறுவயதிலேயே உண்டவர்களுக்கு அந்த ஒவ்வாமை பெருமளவு குறைந்திருந்தது; இளைப்பு குறையவில்லை. ஆனாலும் கடுமையான கரப்பானுள்ள குழந்தைக்கு, வைத்தியர் சோதித்த பிறகே அதைக் கொடுக்கவேண்டும்.

கரப்பான் கண்டால் இளைப்பு நிச்சயம் என்று தலையில் கைவைத்துக்கொள்வோரும் உளர். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கரப்பான் கண்ட குழந்தைகள் மூவரில் ஒருவருக்கே பின்னர் இளைப்பு வருகிறது. தாய் தந்தையரில் ஒருவருக்கு இளைப்பு இருந்து, சளி பிடிக்காத நாளிலும் குழந்தையின் மூச்சில் விசில்போல ஓசை கேட்குமானால், அந்த மூவரில் இவன் ஒருவனாக இருக்கக்கூடும். அப்போது களிம்பை நிறுத்துவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, வைத்தியரிடம் நெஞ்சைக் காட்டவேண்டும்.