தீக்குழிக்கு முன்னால் நின்றுபோன கதை



சென்ற இதழில் நந்தன் கதையை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஆறு பக்கத்தில் திருப்பிச் சொல்லியிருந்தோம். கடிதங்கள் வந்து குவிந்தன என்று எழுத ஆசைதான். வந்தவை பதினொன்று. நம்ம பத்திரிகைக்கு அது குவியல்தான்.

நாங்கள் சொன்ன கதை சிதம்பரம் தெற்கு வாசலுக்கு வெளியே, எரிகிற குழிக்கு முன்னால் நந்தன் நிற்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் என்ன ஆனது என்று எழுதவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நெருப்பு எதற்கு என்பது ஆசிரியர் குழுவில் என் கட்சி. மற்றவர்கள் அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள். பதினொரு கடிதத்தில் ஏழு அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டு உலுக்குகின்றன.

சிதம்பரத்தில் எம்.ஏ. படிக்கிற தோழர் ஒருவர், "மத்தவங்க தீயில இறக்கிட்டு ஜோதியாயிட்டான்னு சொன்னாங்க. நீங்க இறக்காமலே மறைச்சிட்டீங்க. ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?" என்று கேட்கிறார். கடலூரிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரோ, இந்தக் கதையே நம் பிள்ளைகளுக்கு வேண்டாம், கும்பிட்டுக்கொண்டே சாகிறவனை முன்மாதிரியாகக் காட்டுவது துரோகம் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறார். இன்னொரு தோழருக்கு நாங்கள் அயோத்திதாசப் பண்டிதரை விட்டுவிட்டோம் என்று கோபம். பண்டிதர் சொன்ன நந்தன் பண்ணையாள் அல்ல, பௌத்த அரசன். வேஷப் பிராமணர்கள் சூழ்ச்சி செய்து கொன்ற அரசன். அதை ஏன் சொல்லவில்லை?

பதினோராவது கடிதம் நோட்டிலிருந்து கிழித்த தாளில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுடையது. ரெண்டே வரி. கதை நல்லா இருக்குதாம். "ஆனா நந்தனோட அம்மா எங்க? அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

வாத்தியாருக்கு முதலில். அய்யா, உங்கள் கோபம் எனக்குத் தெரியாததல்ல. நான் படித்த பள்ளிக்கூடத்தில் நந்தன் பாடம் வந்த அன்றைக்கு வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. அதற்கப்புறம் ஒரு வருசம் எனக்குப் பேர் 'நாளைப்போவார்'. வீட்டுப்பாடம் முடிக்காத நாளிலெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆகவே கதையைத் தூக்கிக் குப்பையில் போடு என்று யாராவது சொன்னால் என் கையும் தானாக நீளத்தான் செய்கிறது. ஆனால் 1916-இல் சிதம்பரத்தில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய சகஜானந்தர் அதற்கு வைத்த பேர் நந்தனார். 1948-இல் 'தீண்டப்படாதார்' பற்றிய நூலை அம்பேத்கர் காணிக்கையாக்கிய மூன்று பேரில் ரவிதாசோடும் சொக்கமேளாவோடும் நந்தனும் ஒருவர். நாம் விட்டுவிட்டால் கதை செத்துப்போகாது. அதைச் சொல்லுகிற வேலை முழுக்க அவர்கள் கைக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

சொல்லுகிறவர் கைக்கு ஏற்ப இந்தக் கதை எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். எட்டாம் நூற்றாண்டுச் சுந்தரரிடம் கதையே கிடையாது, திருநாளைப்போவார் என்ற பேர் மட்டும்தான். பின்னால் வந்த நம்பியாண்டார் நம்பி ஒரே ஒரு பாட்டில் ஊர் ஆதனூர் என்கிறார், புலை போனது என்கிறார், தில்லை மூவாயிரவர் கைகூப்பினார்கள் என்கிறார். அந்தப் பாட்டில் தீ இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் வரும்போதுதான் தீ வருகிறது.

சேக்கிழாரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் இந்த ஆறு பக்கத்தை எழுதுவதற்காகத் திரும்பப் படித்தபோது கொஞ்சம் தடுமாறிப்போனேன். அவர் ஆதனூர்ச் சேரிக்குள் போய் நின்று பார்க்கிறார். காயப்போட்ட தோல், பானை நிழலில் அடைகிடக்கிற கோழி, மாமரத்தில் தொங்குகிற பறை, தென்னையடியில் குட்டி போட்ட நாய் என்று எல்லாமே கண்ணில் படுகிறது. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அவருடைய நந்தன் எவன் வீட்டுப் பண்ணையாளும் இல்லை. பறைத் தொழிலுக்காக ஊர் விட்ட நிலம், பறைத்துடவை, அவனுக்குச் சோற்று உரிமை. கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் கொடுக்கிறான், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுக்கிறான். உள்ளே கேட்கிற சத்தத்துக்கெல்லாம் சாமான் இவனுடையது, இவன் மட்டும் வெளியே. அதைச் சொல்ல சேக்கிழாருக்கு வாய் வந்திருக்கிறது.

வேதியர் எங்கே, நாற்பது வேலி எங்கே என்று கேட்பீர்கள். அதெல்லாம் 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில் வந்தவை. ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக ஏறக்குறைய 265 ஏக்கரை ஒரே ராத்திரியில் நட்டு அறுத்துவிட்டு அப்புறம் சிதம்பரம் போ என்கிறார் ஆண்டை. பெரிய புராணத்தில் இல்லாத இந்த ஆண்டை, பாரதி வாழ்ந்த மாயவரத்துப் பக்கத்து வயல்களில் இருந்தார். தான் கண்ணால் பார்த்த பண்ணையடிமை முறையை, தானே பிராமணராக இருந்தும், பாரதி பழைய கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். (கடைசியில் அதே வேதியரை நந்தன் காலில் விழவைத்துக் கணக்கை நேர் செய்துவிட்டார். நேர் செய்த கணக்கைப் பார்த்தால் வங்கிக்காரனுக்கு எப்பவுமே ஒரு சந்தேகம்.)

இந்தக் கதையைத் திருப்பிச் சொன்னவர்கள் வாசகரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் புதிதில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதி சிறப்புப் பாயிரம் கேட்டுப் பலமுறை நடந்ததை உ.வே.சா. எழுதி வைத்திருக்கிறார். இலக்கணப் பிழை இருக்கிறது, பெரிய புராணத்துக்கு மாறாக இருக்கிறது என்று பிள்ளை இழுத்தடித்தார். ஒருநாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாரதி பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் மனசு இளகி எழுதிக் கொடுத்தாராம். கிருதியில் பிழை தேடியவர்கள் இருந்தார்கள். ஆண்டை செய்தது பிழையா என்று அந்தத் திண்ணையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கீர்த்தனைக்கு அப்புறம் நந்தன் எல்லார் வீட்டுக்கும் போனான். 1927-இல் சிதம்பரம் வந்த காந்தி, தன்னைத்தானே வருத்திக்கொண்டு வென்றவன் என்று நந்தனைப் புகழ்ந்தார். 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942-இல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாகப் பாடினார்கள். படம் பார்த்தவர்கள் அழுதார்கள். அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அழாமல் எழுதியவர் புதுமைப்பித்தன். 1934-இல் வந்த 'புதிய நந்த'னில் தீ இல்லை, ரயில் இருக்கிறது. கிழவன் கருப்பன், அவன் மகன், அய்யர் வீட்டுப் பிள்ளை மூன்று பேரையும் ஒன்றாக அடித்துப் போட்டுவிட்டு ரயில் போய்விடுகிறது. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்தில் தீ திரும்பி வருகிறது, ஆனால் அங்கே அது அருள் இல்லை, சதி.

பண்டிதரின் அரசன் கதையைக் கேட்ட தோழருக்கு: அந்தக் கதையை வெளியிடுவோம், தனியாக, பண்டிதர் பேரோடு. ஒரு காலத்தில் அதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று கடலூர்க் கூட்டத்தில் சண்டை போட்டவன் நான். நம்மைக் கீழே தள்ளியவர்களின் வரலாற்றை அவர் தலைகீழாகப் புரட்டிப்போட்ட துணிச்சல் இன்றைக்கும் யாருக்கும் வரவில்லை. ஆனால் இப்போது ஒரு உறுத்தல். தோல் பதனிட்டவனை மதிக்க அவன் முன்னால் ராஜாவாக இருந்திருக்க வேண்டுமா? எங்கள் கவுண்டரில் செல்லானுக்குக் கைநாட்டு வைக்கிற கிழவியின் பேரனுக்கு நான் அப்படிச் சொல்லிக்கொடுக்க விரும்பவில்லை. இதில் என்னோடு மாறுபடுகிறவர்கள் எழுதுங்கள், அப்படியே போடுகிறோம்.

இனி தீ. அந்த எம்.ஏ. தோழர் சொன்னது சரி. என் கட்சி தோற்றது. பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கும் என்று நான் சொன்னது பொய், பயம் எனக்குத்தான். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் குடிசைக்குள் அடைத்து 44 பேரை எரித்தார்கள். அதற்கப்புறம் பிறந்த நம்மில் யாருக்கும் நந்தன் தீயை வெறும் புராணத் தீயாக வாசிக்க முடியாது. அந்த 44 பேரில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு நெருப்பு வேண்டாம் என்று நாம் முடிவெடுத்தால் போதுமா, நெருப்பு அப்படி முடிவெடுக்கவில்லையே.

தவிரவும், நாங்கள் கதையை நிறுத்திய இடத்தில்தான் சேக்கிழார் நாம் கேட்க வேண்டியதையெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். தீயை யார் மூட்டினது? அவர் ஒளிக்கவில்லை. தில்லை அந்தணர்கள் மூட்டினார்கள். கனவில் ஆண்டவன் உத்தரவு வந்ததாம். உள்ளே போனவன் நந்தன். வெளியே வந்தவன் மார்பில் பூணூல், தலையில் சடை, முனிவன் உருவம். வாசல் அவனுக்குத்தான் திறந்தது. தோல் கொடுத்த நந்தன், கோழியும் நாய்க்குட்டியும் பார்த்து வளர்ந்த நந்தன், அவன் உள்ளே போகவே இல்லை. இதைப் பதினாலு வயசுப் பிள்ளைக்குச் சொல்ல முடியாதா? சொன்னால் நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள். 2022 பிப்ரவரியில் அதே கோயிலில் கனகசபை ஏறிக் கும்பிடப் போன தலித் பெண் ஒருவர் தடுக்கப்பட்டு, தீட்சிதர்கள் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானதை அவர்கள் செய்தியில் பார்த்தவர்கள்தானே. கனகசபை ஏற எல்லாருக்கும் அனுமதி என்று அந்த வருசம் மே மாதம் அரசாணை போட வேண்டியிருந்தது.

மிச்சம் இருப்பது அந்த ரெண்டு வரிக் கடிதம். அம்மா எங்கே? எந்தப் பிரதியிலும் இல்லை, தங்கச்சி. சுந்தரர் முதல் சினிமா வரை தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் சேக்கிழார் காட்டுகிற சேரியில், வயலில் வேலை செய்கிற பெண் ஒருத்தி மருத மரத்து நிழலில் சின்னத் தோல் ஒன்றை விரித்து, அதன் மேல் பிள்ளையைத் தூங்கவைக்கிறாள். அது யார் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைதான் நந்தன் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து தொடங்கித் தீ வரைக்கும், தீக்கு வெளியே நிற்கிற அவள் வரைக்கும் கதையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை ஆறு பக்கம் போதாது. முடிந்ததும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் உனக்கும் உன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுகிறோம். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நீயும் எழுதி அனுப்பு.