சாமான் வந்தது, சாவி வரவில்லை

உயர்தர வகுப்பிலே பயிலும் மாணவர் ஒருவர் சென்ற கிழமை எமக்குக் கடிதம் ஒன்று வரைந்திருந்தார். அதன் சாரம் இது:

அவர் வீட்டுக் கணினி பல ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்துவிட்டது. காலையில் அதனைத் துவக்கிவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் அது விழித்திராது. ஆகவே, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு 500 கிகாபைட் கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினார். பழைய வன்தட்டைக் கழற்றாமலே புதியதையும் பொருத்தி, அதிலே விண்டோஸ் முறைமையை நிறுவினார். கணினி கண் மூடித் திறப்பதற்குள் விழித்தெழுந்தது. வீட்டார் மகிழ்ந்தனர். காலஞ்சென்ற அம்மம்மாவின் குரற்பதிவுகளையும் குடும்பப் படங்களையும் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றினார். இனி இது எதற்கென்று பழைய வன்தட்டைத் துடைத்தழித்துத் தங்கைக்குக் கொடுக்கும் எண்ணத்துடன் கழற்றி வைத்தார். அடுத்த முறை பொத்தானை அழுத்தியபோது கறுத்த திரையில் ஒரேயொரு வரி தோன்றியது: துவக்குவதற்குரிய சாதனம் எதுவும் இல்லை.

கடைக்காரர் நல்லவர். "உத்தரவாதம் இருக்கிறது, கொண்டு வாரும், வேறு புதியது தருகிறேன்" என்றாராம். "கொடுத்துவிடலாமா?" என்பதே மாணவரின் கேள்வி.

தம்பி, கொடுத்துவிடாதீர்! உமது எஸ்.எஸ்.டி. பழுதானதென்று எண்ண இடமே இல்லை. அதனைக் கடையில் ஒப்படைத்தால் அம்மம்மாவின் குரலையும் சேர்த்தே ஒப்படைத்தவராவீர். கழற்றிய வன்தட்டையும் அழித்துவிடாமல் இருந்த இடத்திலே மீண்டும் பொருத்திப் பாரும். கணினி முன்போலவே விழித்தெழும். அஃது ஏன் என்பதை விளக்குவோம்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையிலே பதிந்துள்ள ஒரு சிறு செய்நிரலே முதலில் எழுகின்றது. ஐ.பி.எம். நிறுவனம் 1981ஆம் ஆண்டு தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது அச்செய்நிரலுக்குப் பயோஸ் என்று பெயர். அது வட்டின் முதற் கூறாகிய 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள குறிப்பின்படி மற்றவற்றை எழுப்பும். எம்.பி.ஆர். எனப்படும் அப்பழைய ஏற்பாடு, ஏறக்குறைய 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டுக்குக் கணக்கு வைக்க இயலாதது. இக்காலத்துக் கணினிகளிலே பயோஸின் இடத்தை யூ.ஈ.எஃப்.ஐ. என்பதும், எம்.பி.ஆர். இன் இடத்தை ஜீ.பி.டி. என்பதும் பிடித்துக்கொண்டன.

யூ.ஈ.எஃப்.ஐ. விண்டோஸ் எங்கே இருக்கிறதென்று வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. வட்டிலே தனியாக ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பிரிவை மட்டும் திறந்து, அங்குள்ள துவக்கக் கோப்பை இயக்குகின்றது. அப்பிரிவு பெரும்பாலும் 100 மெகாபைட் அளவினதே. நாம் கோப்புகளைப் பார்க்கும் சாளரத்தில் அது தோன்றுவதில்லை. ஆதலால், அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

இனி, நம் மாணவர் வீட்டில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அவர் விண்டோஸை நிறுவிய வேளையில் பழைய வன்தட்டும் இணைந்திருந்தது. அதிலே துவக்கப் பிரிவு ஒன்று முன்னரே இருப்பதைக் கண்ட நிறுவற் செய்நிரல், புதிய துவக்கக் கோப்புகளையும் அங்கேயே வைத்துவிட்டது. பெரும்பாலும் அவ்வாறே அது செய்யும். வீடு மாறியவர் சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு, சாவிக்கொத்தைப் பழைய வீட்டு ஆணியிலே மாட்டிவிட்டு வந்த கதைதான். பழைய வீடு திறந்திருக்கும்வரை குறை தெரியவில்லை. அது அடைபட்டதும் புதிய வீட்டுக் கதவு திறக்கவில்லை.

விண்டோஸை நிறுவாது, பழைய வட்டைப் படியெடுத்துக் கொள்வோருக்கும் இதே இடர் நேர்வதுண்டு. "சீ" என்னும் பெரிய பிரிவை மட்டும் படியெடுத்து, சிறு பிரிவை விட்டுவிடுவார்கள். படியெடுப்பதாயின் வட்டு முழுவதையும் எடுத்தல் வேண்டும்.

எல்லாக் கணினிகளிலும் குறை இதுவேயாகும் என்று சொல்வதற்கில்லை. புதிய எஸ்.எஸ்.டி. துவங்காதபோது ஒழுங்காகச் சோதிக்க வேண்டியவற்றை இங்கே தருகின்றோம்.

முதலாவது: யூ.ஈ.எஃப்.ஐ. அமைப்புத் திரையிலே வட்டின் பெயர் தெரிகிறதா? கணினியைத் துவக்கியவுடன் டிலீற் அல்லது எஃப் 2 விசையை அழுத்தினால் பல கணினிகளில் அத்திரை தோன்றும். வன்தட்டைப்போலச் சுழலும் உறுப்பு இதில் இல்லாமையால், இயங்குகிறதா என்று காதைக் கொடுத்து அறிய முடியாது. திரையையே பார்த்தல் வேண்டும். பெயர் தெரியாவிடின் மின்சாரத்தை நிறுத்தி, வயர்களையும் பொருத்தியிருக்கும் இடத்தையும் சரிபார்க்க. எம்.2 எனப்படும் மெல்லிய பட்டை வடிவினதாயின் மற்றொன்றையும் கவனிக்க. அவ்வடிவில் சாட்டா, என்.வி.எம்.ஈ. என இரு வகைகள் உள. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்போல் இருப்பினும், ஒன்றை ஏற்கும் துளை மற்றதை ஏற்காதிருக்கலாம். என்.வி.எம்.ஈ. விதிமுறை 2011ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. ஆதலால், அக்காலத்துப் பழைய கணினிகள் பலவற்றுக்கு அதிலிருந்து துவங்கத் தெரியாது. வாங்குமுன் தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்ப்பது நன்று.

இரண்டாவது: பெயர் தெரிந்தும் துவங்கவில்லையாயின், துவக்க வரிசையிலே விண்டோஸ் பூட் மனேஜர் என்பது முதலிடத்தில் உள்ளதா என்று காண்க. கடையிலிருந்து வந்த எஸ்.எஸ்.டி. வெறும் ஏடு என்பதையும் மறவற்க. முறைமை எதையும் நிறுவாமல் அது துவங்காது.

மூன்றாவது: வட்டின் ஏற்பாடும் கணினியின் வழியும் ஒத்திருத்தல் வேண்டும். எம்.பி.ஆர். ஏற்பாட்டில் உள்ள விண்டோஸ் வட்டு, யூ.ஈ.எஃப்.ஐ. வழியில் மட்டும் இயங்கும் கணினியில் விழிக்காது. 2021ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 11 யூ.ஈ.எஃப்.ஐ. வழியையே கோருகின்றது.

நான்காவது: இவையெல்லாம் சரியாயின், நம் மாணவருக்கு நேர்ந்ததுபோலத் துவக்கப் பிரிவு இல்லாதிருக்கலாம்.

அமைப்புத் திரையிலே எதையும் மாற்றுமுன் ஓர் எச்சரிக்கை. உங்கள் வட்டு பிட்லொக்கர் முறையால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவெண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்க. மாற்றம் செய்தபின் கணினி அதனைக் கேட்டால், அவ்வெண் இன்றி உங்கள் கோப்புகளை நீங்களே திறக்க இயலாது.

தம்பி, இனி நீர் செய்ய வேண்டியது இது. பழைய வன்தட்டைப் பொருத்திக் கணினியைத் துவக்கும். வேறெதிலும் கை வைக்குமுன், குரற்பதிவுகளையும் படங்களையும் வெளியே இணைக்கும் வேறொரு வட்டிலே படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பாரும். பின்னர் பழையதைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி. மட்டும் இணைந்திருக்க விண்டோஸை மறுபடி நிறுவும். இம்முறை சாவி புதிய வீட்டிலேயே இருக்கும். மீண்டும் நிறுவ விருப்பமில்லையாயின், எஸ்.எஸ்.டி. யிலே சிறு பிரிவொன்றை ஒதுக்கி, பி.சி.டி.பூட் என்னும் கட்டளையால் துவக்கக் கோப்புகளை அங்கே எழுதலாம். அதனை அறிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நலம்.

இன்னுமொன்று. கோப்புகளை நீர் "மாற்றினேன்" என்று எழுதியிருக்கின்றீர். மாற்றுவது வேறு, படியெடுப்பது வேறு. மாற்றியபின் உலகத்திலே இருந்தது ஒரே பிரதி. எஸ்.எஸ்.டி. யிலே அழிந்த கோப்பை மீட்பது பெரும்பாலும் இயலாத காரியம்; அழித்த இடங்களை அது தானே துப்புரவு செய்துவிடும். புதிய வட்டு தனியே நின்று துவங்குவதைக் கண்ணாரக் காணும்வரை பழையதை அழிக்கலாகாது. கண்ட பின்னரும், அருமையான பொருளுக்கு இரு பிரதிகள் இரு வேறு இடங்களில் இருத்தல் வேண்டும்.

இக்கட்டுரை அச்சுக்குப் போகும் வேளையில் அம்மாணவரிடமிருந்து மறுமொழி வந்தது. வன்தட்டைப் பொருத்தியதும் கணினி விழித்துவிட்டதாம். முதலில் அம்மம்மாவின் குரலைத் திறந்தாராம்; குசினியில் நின்ற தாயார் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாராம். இப்போது அக்குரலுக்கு மூன்று பிரதிகள் உள்ளனவாம். தங்கையின் கணினி சிறிது காலம் காத்திருக்கட்டும் என்று முடித்திருக்கின்றார்.