உதிர்ந்த இலை குப்பையன்று



ஆலய வளாகத்தில் உதிரும் சருகுகளைக் கூட்டிக் கொளுத்துவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். அதைத் தூய்மை என்றே நானும் எண்ணியிருந்தேன். இன்று அது தவறு என்று கருதுகிறேன்.

காட்டில் சருகுகளை யாரும் கூட்டுவதில்லை. மண்புழுவும் மரவட்டையும் அவற்றைத் துண்டு துண்டாக்குகின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் பூஞ்சைகள் சிதைக்கின்றன. அச்சத்து மீண்டும் வேர்களையே சேர்கிறது. ஏரியிலோ நிலைமை வேறு. மிகுதியாய் விழும் இலைகள் மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது. அடிச்சேற்றில் புதைந்தவை மெதுவாக அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. வறண்ட நிலத்தில் நுண்ணுயிர்களுக்கு ஈரம் போதாது. அங்கே கரையானோடு வெயிலும் உழைக்கிறது. அர்ஜென்டினாவின் படகோனியாவில், வறண்ட புல்வெளியொன்றில் ஏமி ஆஸ்டினும் லூசியா விவான்கோவும் நடத்திய ஆய்வு, தரைமேல் கிடக்கும் சருகைச் சிதைப்பதில் சூரிய ஒளிக்கே பெரும்பங்கு உண்டு என்று 2006இல் காட்டியது.

இவ்வாறு ஒவ்வோர் இடமும் தன் சருகைத் தன் வழியில் மண்ணாக்கிக்கொள்கிறது. நாம் மூட்டும் நெருப்போ, அதிலுள்ள நைட்ரஜனின் பெரும்பகுதியைப் புகையோடு போக்கிவிடுகிறது. அப்புகை அண்டை வீட்டு முதியோரையும் குழந்தைகளையும் மூச்சுத் திணற வைக்கிறது.

ஆகவே, இனிச் சருகுகளை மரத்தடியிலேயே மூடாக்காகப் பரப்புவோம். மிஞ்சியதைக் குழியிலிட்டு, ஈரம் காத்து, மட்கச் செய்வோம். குளத்தில் கொட்ட வேண்டாம். வளாகம் சற்றே அலங்கோலமாகத் தோன்றலாம்; அதைப் பொறுத்துக்கொள்வோம்.