சக்கரவர்த்தியின் இராட்டினம்

ஒஸ்திரியாவின் வியன்னா நகரிலுள்ள பிராட்டர், ஒரு காலத்தில் அரச குடும்பத்தாரின் வேட்டைக்காடு. 1766இல் இரண்டாம் ஜோசப் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அங்கே நிற்கும் 65 மீற்றர் உயர இராட்சத இராட்டினம், பிரான்ஸ் ஜோசப் சக்கரவர்த்தியின் ஐம்பதாண்டு ஆட்சி நிறைவையொட்டி 1897இல் எழுந்தது. 1944இல் யுத்தத் தீயில் எரிந்து, 1947இல் மீண்டும் சுழன்றது. முன்பிருந்த 30 பெட்டிகளுக்குப் பதிலாக 15 மட்டுமே பொருத்தினார்கள். 1918இல் அந்த வம்சத்தின் ஆட்சியே போய்விட்டது. சக்கரவர்த்திக்காகக் கட்டிய அதே இராட்டினத்தில் இன்று சாதாரணக் குடும்பங்கள் திருமணமும் பிறந்த நாளும் கொண்டாடுகின்றன.

சும்மா சுற்றி, படம் பிடித்துக்கொண்டு இறங்கினால் எந்த ஊர் இராட்டினமும் ஒன்றுதான். பிள்ளையோடு போகும் தாய் இந்தக் கதையை வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும். மேலே போனபின் பிள்ளை ஊரைப் பார்க்குமே தவிர, காது கொடுக்காது.